அக்காவின் ஆங்கிலம் இரண்டாம் தாள்

பரீட்சை என்ற சொல்லைக் கேட்டால் இந்த வயதிலும் பயப்படுகிறவர்கள் நம்மில் எத்தனை பேரோ தெரியாது. நான் பயப்படுகிறவள்தான். நான் எழுதிய பரீட்சைகளால் அல்ல. அவற்றிலெல்லாம் சுமாராகத் தேறிவிட்டேன். என் அக்கா எழுதிய ஒரு பரீட்சையால்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது. அப்போது நாங்கள் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லுக்குப் பின்னால் லைன் வீட்டில் குடியிருந்தோம். அப்பா அந்த மில்லில் மேஸ்திரி. ஷிப்டு முடிந்து வரும்போது அவர் புருவத்திலும் காது மடலிலும் பஞ்சு ஒட்டியிருக்கும். எனக்குப் பதின்மூன்று வயது, ஒன்பதாம் வகுப்பு. அக்காவுக்குப் பதினெட்டு. பத்தாம் வகுப்பில் மற்ற பாடங்களெல்லாம் தேறி, ஆங்கிலத்தில் மட்டும் நின்றுபோனாள். திரும்ப எழுதினாள், நின்றாள். மூன்றாவது தடவையும் நின்றாள்.

மூன்றாவது முடிவு வந்த சாயங்காலம் அப்பா யாரையும் திட்டவில்லை. கைகால் கழுவிவிட்டு அடுப்படிப் பக்கம் போய் அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார்.

“அக்டோபர்ல இன்னொரு தடவை எழுதட்டும். தேறினா ப்ளஸ் ஒன் சேத்துவிடுவோம். இல்லன்னா தையில கல்யாணத்த முடிச்சிருவோம். அவளுக்குப் படிப்புல மனசு இல்ல. கல்யாணத்துல மனசு இருக்கு, வாயத் தொறந்து சொல்ல மாட்டா.”

மாப்பிள்ளை வேறு யாருமில்லை, செட்டியார்பட்டி அத்தையின் மகன். அத்தை அப்பாவுக்கு மூத்தவர். அத்தான் ராணுவத்தில் இருந்தார். தை மாதம் லீவில் வருவார், அதற்குள் நாள் குறித்துவிடலாம் என்று பேச்சு. நல்ல மனிதர், அதையும் சொல்லிவிட வேண்டும். வரும்போதெல்லாம் பச்சை டிரங்குப் பெட்டியைத் திறந்து எனக்கு பிஸ்கட் பாக்கெட் எடுத்துத் தருவார். அவர் இருக்கிற மட்டும் அக்கா அடுப்படியை விட்டு வெளியே வர மாட்டாள். அதைப் பெரியவர்கள் வெட்கம் என்று முடிவு செய்து வைத்திருந்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அக்காவை ஒரு டுடோரியலில் சேர்த்தார்கள். பஸ் ஸ்டாண்டு பக்கம், மாடியில், ஒரே அறை. அங்கே ஆங்கிலம் எடுத்த சார்தான் அக்கா எங்கே விழுகிறாள் என்று முதலில் கண்டுபிடித்தவர். இலக்கணத்தில் அவள் மோசமில்லை. இரண்டாம் தாளில் பத்தி எழுதச் சொல்லும் கேள்விகளில்தான் மதிப்பெண் போனது. அவளுடைய நோட்டில் பத்திக்குப் பத்தி சிவப்பு மையில் ஒரே கேள்வியை எழுதியிருந்தார்: ‘டாபிக் சென்டென்ஸ் எங்கே?’

அது என்னவென்று எனக்குத் தெரியும். எங்கள் பள்ளியில் அந்த வருடம்தான் நடத்தியிருந்தார்கள். ஒரு பத்தி எதைச் சொல்ல வருகிறதோ அதை ஒரே வாக்கியத்தில், பெரும்பாலும் முதல் வரியிலேயே, சொல்லிவிட வேண்டும். பின்னால் வருகிற வாக்கியமெல்லாம் அதைத் தாங்க வேண்டும். தாங்காத வாக்கியத்துக்கு அங்கே இடமில்லை. எனக்கு இது சுலபமாக வந்தது. அதனால் அக்காவுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. ஐந்து வயது சின்னவள் சொல்லிக்கொடுக்க, பெரியவள் கேட்டுக்கொள்ள வேண்டும். அவளுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று அப்போது நான் நினைத்துப் பார்க்கவில்லை.

சுவரில் தினம் கிழிக்கிற காலண்டர் தாள்களை நான் சேர்த்து வைத்திருந்தேன். அக்கா எழுதிய பத்தியை வாக்கியம் வாக்கியமாக அந்தத் தாள்களின் பின்பக்கம் எழுதித் தரையில் பரப்பினேன். பிளவக்கல் அணைக்குப் போய்வந்ததைப் பற்றி அவள் எழுதியது இன்னும் நினைவிருக்கிறது. ஐந்து மணிக்கு எழுந்தோம். அம்மா எலுமிச்சைச் சாதம் கிண்டினாள். பஸ்ஸில் ஒருவர் கோழி வைத்திருந்தார். அணையில் தண்ணீர் அடியில் கிடந்தது. தங்கையின் செருப்பு அறுந்தது. வீட்டுக்கு வந்தோம்.

“இதுல என்னதாங்க்கா சொல்ல வாரே?”

“போயிட்டு வந்தோம்னு.”

“அது தலைப்புலயே இருக்கு. போனது எப்படி இருந்துச்சு?”

அவள் வெகுநேரம் யோசித்தாள். “ஏமாத்தமா இருந்துச்சு. தண்ணி இல்லல்லா.”

“அதான் மொத வரி. அதை மேல வையி.”

அவள் ஒரு புதுத் தாளில் அதை எழுதி மேலே வைத்தாள். வறண்ட அணை அதன் கீழே ஒழுங்காக உட்கார்ந்தது. அறுந்த செருப்பும் உட்கார்ந்தது. கோழியை நான் எடுத்துத் தள்ளி வைத்தேன்.

“பாவம்டி கோழி. இருந்துட்டுப் போகட்டும்” என்றாள் அக்கா.

இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. “இதுகூடத் தெரியலியா உனக்கு?” என்று எத்தனை தடவை கத்தியிருப்பேன். முதல் வரி ரொம்ப அகலமாகவும் இருக்கக் கூடாது என்பேன். அணைகள் நாட்டுக்கு நல்லவை என்று ஆரம்பித்தால் அறுந்த செருப்பை எங்கே வைப்பாய் என்பேன். அவள் தலையை ஆட்டுவாள். பென்சிலின் பின்பக்கத்தைக் கடிப்பாள். பல் தடம் பதிந்த பென்சில்களாகவே வீட்டில் கிடக்கும். மில் சங்கு ஊதினால் திடுக்கிட்டு நிமிர்வாள். ஒவ்வொரு சாயங்காலச் சங்குக்கும் பரீட்சைக்கு ஒரு நாள் குறைந்தது.

பரீட்சைக்கு மூன்று வாரம் இருந்தது. கைடில் ‘என் எதிர்காலம்’ என்று ஒரு தலைப்பு இருந்தது. நான்தான் யோசனை சொன்னேன்: முதலில் தமிழில் எழுது, மனசில் தோன்றுகிறதை எழுது, பிறகு இங்கிலீஷில் மாற்றிக்கொள்ளலாம். அக்கா ரஃப் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு எழுதினாள். வழக்கம்போல் நிற்கவில்லை, பென்சிலைக் கடிக்கவில்லை. எழுதி முடித்து நோட்டை மூடி வைத்துவிட்டு, குழாயில் தண்ணீர் வருகிறது என்று குடத்தை எடுத்துக்கொண்டு போனாள். வாத்தியார் நினைப்பில் நான் நோட்டைத் திறந்தேன். இப்படி எழுதியிருந்தாள்:

எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம். அத்தான் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் பரீட்சையில் தோற்றதற்காக ஒரு வீட்டுக்குப் போனால், அந்த வீட்டில் கடைசி வரை தோற்றவளாகத்தான் இருப்பேன். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்றும் தெரியவில்லை. அப்பாவிடம் சொன்னால் திட்ட மாட்டார், வருத்தப்படுவார். அதற்குத்தான் பயமாக இருக்கிறது.

பழக்கதோஷத்தில் ஏதாவது ஒரு வாக்கியத்தை எடுத்துவிட முடியுமா என்று பார்த்தேன். ஒன்றையும் எடுக்க முடியவில்லை. அப்புறம்தான் அதில் எழுதியிருப்பது என்ன என்பது எனக்கு உறைத்தது.

வாசலில் அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டது. அவருக்கு ஒரு வழக்கம் உண்டு, வந்ததும் எங்கள் நோட்டுகளைப் புரட்டிப் பார்ப்பார். படித்துத் திருத்துவதற்கு அல்ல, எவ்வளவு எழுதியிருக்கிறோம் என்று பக்கத்தைப் பார்ப்பார். யோசிக்கவே இல்லை, அந்தத் தாளைக் கிழித்து என் ஜாமெட்ரி பாக்ஸுக்குள் திணித்தேன். மறுநாள் காலையில் வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டேன். அக்காவைக் காப்பாற்றிவிட்டதாகவே நினைத்தேன்.

அன்று மத்தியானம் அக்கா நோட்டைத் திறந்தாள். தாள் இருந்த இடத்தில் தையலோரம் ஒரு கிழிசல். அவள் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன்.

“ஏட்டி, இந்த நோட்ட நீ எடுத்தியா?”

“இல்லியே.”

“அப்பா எடுத்தாகளா?”

“எனக்கென்ன தெரியும்?”

ஒரே ஒரு பொய். அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருந்தால் ஒரு அடியோடு போயிருக்கும். மறுநாள் சொல்லலாம் என்று வைத்தேன். மறுநாள் சொல்வது இன்னும் கஷ்டமாக இருந்தது. நம்மில் யாருக்குத்தான் இந்தக் கணக்குத் தெரியாது?

அதற்கேற்றாற்போல் அப்பாவும் பேசுவதை நிறுத்தினார். வந்தால் துண்டை விரித்துச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கூப்பிட்டால் உம் என்றார். அக்கா சோறு வைத்தால் அவள் முகத்தைப் பார்க்காமல் தாடையை இறுக்கிக்கொண்டு பாதியில் எழுந்தார். அவர் சட்டையில் பஞ்சு வாசனையோடு கிராம்பு வாசனையும் அடித்தது. அதைப் பற்றி எங்கள் யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. அப்பா படித்துவிட்டார் என்று அக்கா முடிவு செய்துவிட்டாள். அவள் சாப்பாடு குறைந்தது. காலண்டர் தாள்களைப் பரப்பினால் அவற்றைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். மொத வரி எது என்றால், “எல்லாம் ஒண்ணு மாதிரிதாண்டி தெரியுது” என்பாள். படித்ததெல்லாம் அவளிடமிருந்து வடிந்துபோவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். காரணம் நான் என்பதும் தெரியும். வாய் மட்டும் திறக்கவில்லை.

அந்த வருடம் தனியாக எழுதுகிறவர்களுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளியில் இடம் போட்டிருந்தார்கள். இரண்டாம் தாள் நாளில் அப்பா லீவு போட்டார். எனக்குக் காலாண்டு விடுமுறை, அதனால் நானும் போனேன். பஸ்ஸில் கூட்டம். அக்கா ஹால் டிக்கெட்டை ஒரு பாலிதீன் உறைக்குள் போட்டு நெஞ்சோடு பிடித்திருந்தாள். அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றார். கோபுரம் தெரிந்ததும் அம்மா சொல்லியனுப்பியபடி நான் கும்பிட்டேன். எனக்காகத்தான் கும்பிட்டேன்.

பள்ளிக்கூட வாசலில் ஒரு புங்கமரம். அதன் கீழே முக்கால் மணி நேரம் நின்றோம். கடைசியில் அக்காவே பேசினாள்.

“அப்பா, ரெண்டு வாரமா நீங்க எங்கூடப் பேசல. திட்டணும்னா திட்டிருங்க. இப்படியே உள்ள போனா என்னால எழுத முடியாது.”

அப்பா கன்னத்தில் கையை வைத்தார். “பல்லு வலிம்மா” என்றார். “கடவாய்ப்பல்லு. வாயத் தொறந்தா உயிர் போகுது. ஆஸ்பத்திரிக்குப் போனா பிடுங்கிருவான்னு சொல்லாம இருந்தேன்.”

அக்கா அவரையே பார்த்தாள். “அப்போ நோட்டைப் படிச்சது?”

“எந்த நோட்டு?”

அக்கா மெதுவாக என் பக்கம் திரும்பினாள், ஒரு நொடிதான். பிறகு அப்பாவைப் பார்த்தாள். அவருக்கு ஒன்றுமே தெரியாது என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. ஒன்றுமில்லைப்பா என்று சொல்லிவிட்டு உள்ளே போயிருக்கலாம். போவாள் என்றுதான் நான் நினைத்தேன். முதல் மணி அடித்தது. அவள் பாலிதீன் உறையை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டு சொன்னாள்.

“எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்ப்பா.”

அப்பா கன்னத்திலிருந்து கையை எடுத்தார். பிள்ளைகள் எங்களை இடித்துக்கொண்டு உள்ளே ஓடினார்கள்.

“மணி அடிச்சிட்டு பாரு” என்றார். “போ தாயி. பேனா வச்சிருக்கியா?”

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள்.

அவள் வெளியே வருகிறவரை இருந்த நேரம்தான் என் வாழ்க்கையிலேயே நீளமான நேரம். அப்பா மரத்தடி வேரில் உட்கார்ந்தார். தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

“என்ன நோட்டு அது?”

எல்லாவற்றையும் சொன்னேன். படித்தது, கிழித்தது, எரித்தது, பொய் சொன்னது. அடிப்பார் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றேன். அடிக்கவில்லை.

“அதுல என்னெல்லாம் எழுதியிருந்தா?”

எனக்கு ஒரு வரி விடாமல் மனப்பாடமாக இருந்தது. சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, “திருப்பிச் சொல்லு” என்றார். திருப்பிச் சொன்னேன். கடைசி வரிக்கு வந்தபோது அவர் எழுந்து ரோட்டோரக் குழாயடிக்குப் போனார். வாயைக் கொப்பளித்தார். முதுகைக் காட்டிக்கொண்டு அங்கேயே வெகுநேரம் நின்றார். திரும்பி வந்தபோது முகமெல்லாம் தண்ணீர்.

“அவகிட்ட நீயே சொல்லிரணும்” என்றார்.

அக்கா வெளியே வந்தாள். எப்படி எழுதினாய் என்று அப்பா கேட்கவில்லை. “பசிக்குதா தாயி?” என்றார். தேர்முட்டிப் பக்கத்தில் ஒரு ஓட்டலில் உட்கார்ந்தோம். அப்பா மோரில் இட்லியைக் கரைத்துக் குடித்தார். அக்கா இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். எனக்கு இறங்கவில்லை.

அன்று சாயங்காலம் குழாயடியில் அவளிடம் சொன்னேன். குடத்தை இறக்கி வைத்துவிட்டு ஓங்கி ஒரு அறை விட்டாள். அவள் என்னை அடித்தது அந்த ஒரு தடவைதான். பிறகு, “தூக்கிவிடு” என்று குடத்தைக் காட்டினாள். தூக்கிவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா செட்டியார்பட்டிக்குப் புறப்பட்டார். பல்லைப் பிடுங்கி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. துணைக்கு என்னைக் கூட்டிக்கொண்டார். தனியாகப் போக அவருக்குப் பயம் என்று இப்போது தோன்றுகிறது. அத்தை வாசலிலேயே எங்களைப் பார்த்துவிட்டு, “வாலே தம்பி, வா தாயி” என்று உள்ளே கூப்பிட்டு கருப்பட்டிக் காப்பி போட்டுத் தந்தார். அப்பா மழையைப் பற்றிப் பேசினார். மில்லில் புதிதாக வந்த மிஷினைப் பற்றிப் பேசினார். பிடுங்கிய பல் எவ்வளவு நீளம் இருந்தது என்று விரலில் அளந்து காட்டினார். காப்பி ஆறிப்போய்விட்டது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு, இப்போது சொல்வார், இப்போது சொல்வார் என்று காத்திருந்தேன்.

அத்தைதான் கேட்டார். “இம்புட்டுத் தூரம் பல்லைக் காட்டவா வந்த? வந்த விஷயத்தச் சொல்லுலே.”

அப்பா தம்ளரைக் கீழே வைத்தார். “கல்யாணம் வேண்டாம்க்கா.”

அத்தை நம்பவில்லை. பிறகு நம்பினார். “பெயிலாப் போற புள்ளைக்கு எம் மகன் கசக்குதானோ?”

“அவனை ஒரு குறை சொல்லல. பாஸானாலும் பெயிலானாலும் அவளுக்கு இப்ப வேண்டாம்.”

“இது அவ சொல்லுதாளா, நீ சொல்லுதியா?”

“அவதான் சொன்னா” என்றார் அப்பா. “நான் இத்தன நாளும் கேக்கல. அது என் தப்பு.”

அத்தை எழுந்து உள்ளே போனார். போய்வருகிறோம் என்று இரண்டு தடவை சொன்னோம். அத்தை வெளியே வரவில்லை. அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டு வாசலை மிதிக்க ஒன்பது வருடம் ஆயிற்று. அப்பாவுக்கு இருந்த ஒரே கூடப்பிறந்தவர் அவர். ஒவ்வொரு பொங்கலுக்கும் அப்பா போய் வாசலில் நின்று சீர் கொடுத்துவிட்டு வருவார். அத்தை வாங்கிக்கொள்வார், பேச மாட்டார். அத்தான் வேறு இடத்தில் கட்டி, பெண்டாட்டி பிள்ளைகளோடு நன்றாகவே இருந்தார். அக்கா பின்னால் ப்ளஸ் டூ முடித்து, பயிற்சி முடித்து, வன்னியம்பட்டிப் பக்கம் ஒரு பள்ளியில் டீச்சராகப் போனாள். இருபத்தேழு வயதில் கல்யாணம் நடந்தது. அப்பா மாப்பிள்ளை வீட்டாரை உட்கார வைத்துவிட்டு, எல்லாருக்கும் முன்னால் அவளிடம் சம்மதமா என்று கேட்டார். சொந்தக்காரர்கள் அதை வெகுநாள் கேலி பேசினார்கள்.

ஆனால் அந்த அக்டோபர் பரீட்சை? முடிவு பேப்பரில் வந்தது. நம் காலத்தில் எண்கள் மட்டும்தான் வரும், கட்டம் கட்டமாக, எறும்பு மாதிரி. அப்பா ஷிப்டுக்குப் போகுமுன் பேப்பரை வாங்கிவந்து தரையில் விரித்தார். நான் விரலை வைத்துக்கொண்டே போனேன். அக்காவின் எண்ணுக்கு முந்தைய எண் இருந்தது, பிந்தைய எண் இருந்தது. இன்னொரு தடவை பார்த்தேன். அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அக்கா தானே குனிந்து பார்த்தாள். நாலாவது தடவை.

“மார்ச்சுல எழுதிக்கிடலாம்” என்றார் அப்பா. பேப்பரை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு ஷிப்டுக்குப் போனார். மார்ச்சில் அவள் தேறினாள்.

பேப்பரில் எண் வராத அன்று மத்தியானம் அக்கா பாயைப் போட்டுப் படுத்தாள். அழுகிறாளோ என்று எட்டிப் பார்த்தேன். தூங்கிக்கொண்டிருந்தாள், வாய் லேசாகத் திறந்து. மில் சங்கு ஊதியது, அவள் அசையவில்லை. அப்பா வேலை முடிந்து வந்து, சத்தம் கேட்காதபடி வாசலிலேயே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.

“சாயங்காலமாயிட்டு, எழுப்பட்டுமா?” என்று அம்மா கேட்டாள்.

“வேண்டாம்” என்றார். “கெடக்கட்டும்.”